தண்ணீர் வற்றிய பிறகு வந்தவர்களுக்கு

வெல்லம்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கும், எங்கெங்கிருந்தோ வந்து எங்கள் வீட்டில் சேறு அள்ளிய எல்லோருக்கும்,

வணக்கம்.

இந்த மடலை டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது வீட்டில் உட்கார ஒரு கதிரை இல்லை, மனமும் ஓரிடத்தில் இல்லை. இப்போது மார்ச் மாதம். போன சனிக்கிழமைதான் கடைசி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தோம். அந்த வாசம் போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

யாருடைய பெயரையும் போடவில்லை. "பேரெல்லாம் போட வேணாம் தங்கச்சி" என்று எதிர் வீட்டு நானா முதலிலேயே சொல்லிவிட்டார். மற்றவர்களைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும், யாரைச் சொல்கிறேன் என்று.

டிட்வா புயல் 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறியது. களனி கங்கைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் புயலை விட அதற்கு அடுத்த நாட்கள்தான் பயம். மலையில் பெய்த மழை கீழே வந்து சேர நேரம் எடுக்கும். கொழும்பில் மழை விட்டு, வெளிச்சம் வந்து, துணி காயப் போடலாமா என்று யோசிக்கும்போதுதான் தண்ணீர் ஏறத் தொடங்கும். அன்று ஒழுங்கை முழுக்க ஒரே கேள்விதான்: "நாகலகம் வீதியில எத்தனை அடி?" களனி கங்கையின் நீர்மட்டத்தை அளக்கும் இடம் அது. ஏழு அடி தாண்டினால் பெருவெள்ளம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2016 மே மாதம் ஏழரை அடி தாண்டியது. அப்போது எங்கள் ஹோலில் மூன்றடித் தண்ணீர் நின்றது. இந்த முறை மூன்றடி பத்து அங்குலம்.

முதல் மூன்று நாட்களில் கைகொடுத்தவர்களை மறக்கவே முடியாது. மாமியைக் கதிரையோடு தூக்கிப் படகில் ஏற்றிய கடற்படைப் பையன்கள், மேல்மாடியைத் திறந்துவிட்டு எல்லோருக்கும் பாய் விரித்த பள்ளிவாசல்காரர்கள், இரண்டு வேளையும் சோற்றுப் பார்சல் கட்டிய கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மரக்கறிப் பார்சலுக்குத் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு அடையாளம் வைத்த அந்தத் தாத்தாவை என் மாமி இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஆனால் இந்த மடலை நான் முக்கியமாக எழுதுவது தண்ணீர் வற்றிய பிறகு வந்தவர்களுக்கு. வெள்ளம் நிற்கும்போது ஊரே வரும். வற்றியதும் படகு போய்விடும், பார்சல் நின்றுவிடும். கதவைத் தள்ளித் திறந்தால் கணுக்கால் அளவு சேறு, சாய்ந்து கிடக்கும் அலுமாரி, அந்த நாற்றம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் மனிதர் துணை வேண்டியிருக்கிறது. அதை விட, என்ன செய்யக் கூடாது என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

2016இல் எங்களுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. வேலை எடுத்தவர் பத்து நாளில் வீட்டைப் புதுசாக்கித் தருகிறேன் என்றார், சொன்னபடி செய்தும் தந்தார். ஈரச் சுவரின் மேல் சாந்து, அதன் மேல் பளபளவென்று பெயின்ட். ஆறு மாதத்தில் அது அப்பளம் போல் பொங்கி உதிர்ந்தது. அலுமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அப்போது நாலு வயதான என் மகன் அந்த வருடம் முழுக்க இழுத்து இழுத்து மூச்சு விட்டான். எல்லாவற்றையும் உடைத்து 2017இல் மறுபடி செய்தோம். அதனால்தான் இந்த முறை "பொறுங்க" என்று சொன்ன ஒவ்வொருவரும் எனக்குக் கடவுள் அனுப்பிய ஆட்கள்.

முதலில் பொறுக்கச் சொன்னவர் பம்ப் கொண்டுவந்த தம்பி. எங்கள் வளவு பின்பக்கம் கால்வாயை நோக்கிச் சரிவு. அதனால் மாமா அந்தக் காலத்தில் குசினிக்குப் பக்கத்தில் ஐந்து படி இறங்கினால் வரும் மாதிரி ஒரு கீழறை கட்டியிருந்தார். என் கணவரின் புத்தகம் கட்டும் வேலை முழுக்க அங்கேதான். அது கூரை வரை நிரம்பியிருந்தது. டிசம்பர் 4, போயா விடுமுறை நாளன்று அந்தத் தம்பி பம்போடு வந்தபோது, ஒரே மூச்சில் இறைத்துத் தள்ளிவிடலாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, வெளிய மண்ணு முழுக்க தண்ணி. உள்ளுக்கு இருக்கிற தண்ணிதான் இப்ப சுவரைத் தாங்கிட்டு நிக்குது. ஒரேயடியா எடுத்தா வெளித் தண்ணி சுவரை உள்ளுக்குத் தள்ளிரும்" என்றார். அன்று இரண்டடி மட்டும் இறைத்து, சுவரில் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே அரை அடி ஏறியிருந்தது. "பாத்தீங்களா, இன்னும் நேரம் வரல்ல" என்று அன்றைக்குப் பம்பைத் தொடவே இல்லை. இப்படி ஐந்து நாள் வந்தார். என்ஜினை ஒரு தரமும் படிக்குக் கீழே இறக்கவில்லை. புகை மூடின இடத்தில் நின்றால் ஆளையே முடித்துவிடும் என்று மதிலுக்கு வெளியே வைத்து நீளக் குழாய் போட்டார். அடுத்த ஒழுங்கையில் அவசரமாக இறைத்த ஒரு வீட்டில் கீழ்ச் சுவர் குறுக்காக வெடித்ததைப் பிறகு போய்ப் பார்த்தோம். எங்கள் கீழறைச் சுவரில் ஒரு கீறல் இல்லை. தம்பி, பெற்றோலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு போனீர்கள். அது எங்களுக்குத் தெரியும்.

சேறு அள்ளியது விகாரைப் பக்கமிருந்து வந்த பிள்ளைகள், பதினாறு பதினேழு வயசு. கூடவே இரண்டு இளம் பிக்குமாரும் வந்து பக்கெட் கைமாற்றினார்கள். எனக்குச் சிங்களம் அவ்வளவு சரளம் இல்லை, அவர்களுக்குத் தமிழ் இல்லை. சேறு காய்ந்தால் கல்லாகிவிடும், ஈரமாக இருக்கும்போதே தள்ள வேண்டும் என்பதைக் கையாலேயே காட்டினார்கள். ஒரு பிள்ளை சேற்றுக்குள் மாமியின் குங்குமச் சிமிழைக் கண்டெடுத்து, தன் சட்டையிலேயே துடைத்து இரண்டு கையாலும் நீட்டினான். விளக்கீடு வந்த வாரம் அது. அந்த வருடம் வாசலில் ஒரேயொரு சிட்டிதான் ஏற்றினோம், ஆனால் ஏற்றினோம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பிஎச்ஐ ஐயாவுக்கும் கிராம சேவகருக்கும் நன்றி. பிஎச்ஐ ஐயா கிணற்றை இறைத்துக் குளோரின் போட வைத்தார். சேற்றில் இறங்கியவர்களை எலிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்ளின் எடுக்கச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினார். கிராம சேவகர் இரவு எட்டு மணிக்கு டோர்ச்சோடு வந்து, வீடு துப்புரவாக்க அரசாங்கம் கொடுத்த 25,000 ரூபாய்க்கான படிவத்தைத் தன் மடியில் வைத்தே நிரப்பித் தந்தார்.

மின்சார வேலை செய்த அண்ணா, உங்களோடு நான் கோபப்பட்டதற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இருட்டில் ஒரு வாரம் இருந்த ஆத்திரம் அது. மெயின் சுவிட்ச்சைப் போட விடாமல் நீங்கள் தடுத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, முதல் பிளக் பொயின்ட்டைக் கழற்றியபோதுதான் விளங்கியது. உள்ளே ஒரு கைப்பிடிச் சேறு. சுவருக்குள் போகும் குழாயிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. வயர் எல்லாவற்றையும் இழுத்து மாற்றி, மின்கசிவு இருக்கிறதா என்று மெகர் மீட்டர் வைத்துப் பார்த்து, கீழ்மாடிக்குத் தனி டிரிப் சுவிட்ச் போட்டு, பிளக் பொயின்ட்டுகளை ஐந்தடிக்கு உயர்த்தித் தந்தீர்கள். "பிரிஜ்ஜ யாரும் போட்டுப் பாக்கக் கூடாது" என்று அதன் வயரைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டுப் போனதையும் மறக்கவில்லை.

அப்புறம் மேசன் பாஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

வந்த அன்று அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே வீடு முழுக்க நடந்தார். காதைச் சுவரோடு வைத்துக் கேட்பார், சோக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார், நகர்வார். 'டொக்' என்று கேட்டால் பூச்சு பிடித்திருக்கிறது. 'டப்' என்று கூடாகக் கேட்டால் அது கல்லை விட்டுவிட்டது. மாலையில் பார்த்தால் ஹோல் முழுக்க வெள்ளை வட்டம். தண்ணீர் நின்றது நாலடிக்குள்தான், ஆனால் வட்டங்கள் ஐந்தரை அடி வரை போயின. செங்கல் தண்ணீரை மேலே இழுக்கும், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி என்று சொல்லித் தந்தார். ஐந்தரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கலைத் திறந்துவிட்டார். அத்தோடு, "இனி நான் தைக்குப் பிறகுதான் வருவேன்மா. அது வரைக்கும் ஜன்னல் கதவத் தொறந்து வைங்க, ஃபேனப் போடுங்க" என்றார்.

தைப்பொங்கலை அந்தத் தோலுரித்த சுவர்களுக்கு நடுவில்தான் பொங்கினோம். செங்கல்லில் உப்புப் பூத்து வெள்ளையாக நின்றது. நான் ஈரத் துணியை எடுத்தேன், போனில் அவரே தடுத்தார்: தண்ணீர் பட்டால் உப்பு மறுபடி உள்ளே போகும், காய்ந்த பிரஷால் தட்டி விடுங்கள் என்று. தை முடியப் போகும்போது வந்தார். வேலை தொடங்குவார் என்று சாமான் எல்லாம் வாங்கி வைத்திருந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் துண்டை எடுத்துச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டிவிட்டு, காலையில் பாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். காலையில் பொலித்தீனின் உட்பக்கம் சின்னச் சின்னதாக நீர்த்துளி. படம் எடுத்து அனுப்பினேன். "சுவரு குடிச்ச தண்ணிய இன்னும் கக்கி முடியல. பொறுங்கம்மா" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் மறுபடி ஒட்டினோம், அதே துளிகள். மூன்றாவது வாரம் ஒட்டிய பொலித்தீன் காலையில் காய்ந்தே இருந்தது. அதைப் பார்த்து நானும் மாமியும் அழுதுவிட்டோம்.

சிமெந்தோடு சுண்ணாம்பும் கலந்து பூசினார், அதன் மேல் சுண்ணாம்பே அடித்தார். பெயின்ட் கடையில் தண்ணீர் புகாத பூச்சு ஒன்றை வாங்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். சுவர் மூச்சு விட வேண்டும், மூடினால் மிச்ச ஈரம் உள்ளேயே அழுகும் என்று பாஸ் அதை வாங்க விடவில்லை. விலை கூடிய வேலையை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவருடைய ஊர் பதுளைப் பக்கம் என்பது எங்களுக்குத் தெரியும். டிட்வாவில் மண்சரிவில் அவருடைய சித்தப்பா வீடு போனதும், சித்தியையும் பேரப்பிள்ளையையும் கண்டெடுக்க நாலு நாளானதும் பெப்ரவரி மாதம்தான் தெரிந்தது. அதுவும் அவர் சொல்லவில்லை, கூட வந்த பையன் சொன்னான். நாட்டில் 600க்கும் அதிகமான உயிர்களை இந்தப் புயல் கொண்டுபோனது. எங்களுக்குப் போனது கட்டிலும் காகிதமும். அந்த மனுஷன் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் எங்கள் சுவரில் காது வைத்துக் கேட்டிருக்கிறார். பாஸ், உங்களிடம் நேரில் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வெள்ளவத்தை அக்காவுக்கும் ஒரு நன்றி மீதம் இருக்கிறது. மாமியின் கல்யாண ஆல்பம் கீழறையில் இருந்தது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தன. நான் பிரிக்கப் போனேன். நூலகத்தில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர், பிரித்தால் முகங்கள் கிழிந்துவிடும், இப்போது நேரமில்லையென்றால் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, பொலித்தீனில் சுற்றி ஃபிரீசரில் வையுங்கள் என்றார். எங்களுக்கு ஏது ஃபிரீசர்? அக்கா தன் ஃபிரீசரின் மேல்தட்டைக் காலி செய்து ஏழு வாரம் அந்தப் பொதியை வைத்திருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினில் தண்ணீர் விட்டு அதில் ஊறவைத்து, தங்கச்சி ஒவ்வொன்றாகக் கழற்றினார். அறுபத்திரண்டு படங்களில் நாற்பத்தொன்று தப்பின. மாமா தாலி கட்டும் படத்தில் ஒரு மூலை மட்டும் போயிருக்கிறது.

எதிர் வீட்டு நானா, உங்கள் வீட்டிலும் அதே அளவு தண்ணீர். உங்கள் கடைச் சாமான் எவ்வளவு போனது என்று நீங்கள் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. எங்கள் பலா அலுமாரியைத் திறக்க என் கணவர் கோடரி எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்து, பின்பலகையைக் கழற்றிக் காற்று விட்டு, வெயில் படாமல் உங்கள் போர்ட்டிகோவில் இரண்டு மாதம் வைத்திருந்தீர்கள். இப்போது லாச்சி எல்லாம் பழையபடி ஓடுகிறது. நோன்பு நேரத்திலும் மாலையில் கஞ்சி வருவது நிற்கவில்லை.

குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டிருக்கிறோம். அதில் பாஸ் பென்சிலால் இரண்டு கோடு போட்டு 2016, 2025 என்று எழுதியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு காலை பால் காய்ச்சுகிறோம். எல்லோரும் பிள்ளைகளோடு வாருங்கள். நோன்பு பிடிப்பவர்களுக்குப் பின்னேரம் தனியாகச் சமைத்து வைப்போம். இன்னொன்று, இரண்டு மண்வெட்டி, ஒரு பச்சைப் பக்கெட், ஒரு சோடி பத்தாம் நம்பர் கம்பூட்ஸ் எங்களிடம் இருக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை. கழுவிக் காயவைத்து வாசல் படியில் வைத்திருக்கிறேன். வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.