கனோல் சாலைக்குக் கிளம்பும் மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

கனடாவின் வடமேற்கில், யூக்கானில் இருக்கும் கனோல் என்ற பழைய ராணுவச் சாலையில் பிக்கப்பை ஓட்டிப் போகப் போவதாக நீ எழுதிய கடிதமும் போட்டோக்களும் போன வாரமே வந்துவிட்டன. உடனே பதில் எழுத முடியாததற்குக் காரணம் உனக்கே தெரியும். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்துவிட்டார்கள், கல்லணையில் விட்ட தண்ணீர் நம்ம வாய்க்கால் தலைப்புக்கு வருவதற்குள் நாற்றங்கால் சேறடிக்க வேண்டும், வரப்பு வெட்ட ஆள் தேட வேண்டும், நடவு மெஷின்காரரிடம் தேதி வாங்க வேண்டும், குறுவை என்றாலே இந்த ஓட்டம்தான். இன்றைக்கு முறைத் தண்ணீர் எதிர்க்கரைக்காரர்களுக்கு, அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வண்டி. 1985 டொயோட்டா பிக்கப், சேஸியில் துரு இல்லாமல் உனக்குக் கிடைத்தது என்றால் உனக்கு எங்கேயோ மச்சம் இருக்கிறது. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் வைத்து அமெரிக்காப் பக்கம் விற்ற கடைசி வருஷம் அதுதான், 86-லிருந்து முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்புக்கு மாற்றிவிட்டார்கள். ரோட்டில் அது சொகுசு, மறுக்கவில்லை. ஆனால் குண்டும் குழியுமான இடத்தில் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் இன்னொன்றைத் தானே கீழே அழுத்தும் பழைய ஆக்சில்தான் எனக்குப் பிடிக்கும், சக்கரம் ஏறும்போது ஆக்சில் நடுவில் கியர்கள் இருக்கும் கிரவுன் உருண்டையும் சேர்ந்து மேலே போய்விடும், கல்லில் இடிக்காது. எஞ்சின் 2.4 லிட்டர் 22ஆர், அதைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொன்ன மெக்கானிக்கை நான் இதுவரை பார்க்கவில்லை. நம்ம எம்எம் 540 ஜீப்பில் பியூஜோ டீசல், 2.1 லிட்டர், சத்தம் மட்டும் நாலு ஊருக்குக் கேட்கும். அப்பா ஏலத்தில் எடுத்தபோது என்ன சத்தமோ அதே சத்தம் இன்றைக்கும்.

லோ கியரைத் தொட்டே பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதைச் சாதாரணமாக விட்டுவிடாதே. ஜீப்பின் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது எஞ்சின் இழுவையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், லோ போட்டால் இழுவை 2.46 மடங்கு ஆகும், வேகம் அதே அளவுக்குக் குறையும், ஐடிலில் விட்டால் கூடவே நடந்து வரலாம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துப் போட்டது அல்லவா, அன்றைக்கு ஒரத்தநாடு தாண்டினால் ரோடு எது தோப்பு எது என்றே தெரியவில்லை, ஜேசிபி எல்லாம் நகரத்துப் பக்கம் போய்விட்டது. நம்ம ஜீப்தான் லோ ஃபர்ஸ்டில் சங்கிலி கட்டித் தென்னைகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு இழுத்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கவே இல்லை, மிதித்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். இறக்கத்திலும் இதையே செய், பிரேக்கில் காலை வைக்காமல் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், உன் வண்டியிலும் நம்ம ஜீப்பிலும் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது, கெட்டியான ரோட்டில் ஃபோர் வீல் போட்டபடி திருப்பினால் முன்னாலும் பின்னாலும் ஓடும் தூரம் ஒத்துப்போகாமல் முறுக்கிக்கொள்ளும், கடைசியில் எங்கேயாவது தண்டுகளை இணைக்கும் ஒரு கிராஸ் உடையும். தார் வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிட்டு, முன்சக்கரம் ஆக்சிலில் இருந்து விடுபட ஹப்பை ஃப்ரீ பண்ணிவிடு.

சரி, இப்போது நான் சண்டை போட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். 'பாதையில் சேறு இருந்தால் ஓரமாகப் புல்லில் இறக்கிச் சுற்றிப் போய்விடுவேன், நான் பார்க்காத சேறா' என்று எழுதியிருக்கிறாய். மாப்ள, நீ பார்த்த சேறு வேறு, அது வேறு.

நம்ம வயலில் தலைமுறை தலைமுறையாகச் சேறடித்து மிதித்ததில் ஒரு சாணுக்குக் கீழே கெட்டித் தளம் உண்டாகிவிட்டது. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டின டிராக்டர் அந்தத் தளத்தைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது, அதனால்தான் பார்க்க பயமாக இருந்தாலும் வண்டி அமிழ்ந்து போவதில்லை. யூக்கானில் பல இடத்தில் தளமே உறைந்த மண். கோடையில் மேலே ஒரு முழம், இரண்டு முழம் இளகும், அந்த நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும். யூக்கானின் தலைநகர் வைட்ஹார்ஸில் வருஷத்துக்கு மழையும் பனியும் சேர்ந்து 300 மில்லிமீட்டர்கூட வராது, நமக்கு ஐப்பசி கார்த்திகையிலேயே அதைவிடக் கூடுதலாகக் கொட்டிவிடும். அவ்வளவு வறண்ட ஊரில் எப்படி இவ்வளவு சதுப்பு என்று நீ கேட்டிருந்தாயே, இதுதான் காரணம்.

அந்த உறைந்த மண்ணை வெயிலில் இருந்து காப்பது மேலே இருக்கிற பாசியும் புல்லும்தான். உன் டயர் அதைக் கிழித்துவிட்டால் கீழே பனி உருகும், மண் அமுங்கும், தடத்தில் தண்ணீர் நிற்கும், நின்ற தண்ணீர் இன்னும் கொஞ்சம் உருக்கும், நீ ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பள்ளம் தானே வளர்ந்துகொண்டிருக்கும். அலாஸ்காவின் வடக்கில் 1940-களில் எண்ணெய் தேடிப் போனவர்கள் கோடையில் டிராக்டர் ஓட்டிய தடங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் அப்படியே தெரிந்தன. அதற்கப்புறம்தான் தரை உறைந்து மேலே பனி மூடிய குளிர்காலத்தில் மட்டும் கனரக வண்டிகளை விடுவது என்று வைத்தார்கள். 1979-ல் திறந்த டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையைப் பார், நீயே போயிருக்கிறாய், அங்கே மண்ணைத் தோண்டாமல் மேலே ஒன்றேகால் மீட்டரில் இருந்து இரண்டரை மீட்டர் வரைக்கும் கப்பியைக் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பயந்து போட்ட மேடு என்றுதானே நினைத்திருப்பாய், அடியில் இருக்கிற பனி கரையாமல் இருக்கத்தான் அது.

நம்ம ஊர் மண்ணுக்கு ஞாபகசக்தி குறைவு. வயலில் டிராக்டர் என்ன அட்டகாசம் செய்தாலும் அடுத்த உழவில் போய்விடும், சித்திரையில் கொள்ளிடத்து மணலில் நாம் போட்ட தடத்தை ஆடித் தண்ணீர் அழித்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் நீ ஓரமாக இறக்குகிறேன் என்கிறாய். அங்கே அது ஆகாது. சேறு வந்தால் வண்டியை நிறுத்து, இறங்கு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டே நடந்து அந்தப் பக்கம் வரை பார், அடி கெட்டியாக இருந்தால் லோவில் பாதையின் நடுவிலேயே போ. இல்லையென்றால் திரும்பி வா. சுற்றிப் போகிற வேலை வேண்டாம். ஒருத்தன் சுற்றிப் போனால் அடுத்தவன் அந்தச் சுற்றையும் சுற்றுவான், பத்தடிப் பாதை கொஞ்ச நாளில் சேற்று மைதானமாகிவிடும்.

கனோல் சாலையின் துருப்பிடித்த லாரி போட்டோக்களை நம்ம பட்டறை அண்ணனிடம் காட்டினேன், மனுஷன் டீயை வைத்துவிட்டு அரைமணி நேரம் பார்த்தார். அதன் கதையைக் கொஞ்சம் படித்தேன். 1942-ல் ஜப்பான்காரன் அலாஸ்காவுக்கு வந்துவிடுவானோ என்ற பயத்தில் அமெரிக்க ராணுவம் நார்மன் வெல்ஸ் எண்ணெய்க் கிணறுகளில் இருந்து வைட்ஹார்ஸ் வரைக்கும் மலையும் சதுப்பும் தாண்டிக் குழாய் போட்டது, குழாய்க்காக இந்தச் சாலை. 1944-ல் எண்ணெய் வந்தது, 1945-லேயே மூடிவிட்டார்கள். ஒரு வருஷ எண்ணெய்க்கு அவ்வளவு பேர் அந்தக் குளிரில் செத்துப் பிழைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் லாரிகளை நிறுத்தின இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், திரும்ப ஓட்டிக்கொண்டு போகிற செலவுக்குக்கூட அவை பெறவில்லை போல. அதே சண்டையில் நம்ம நாட்டுக்கு வந்த லாரியும் ஜீப்பும் என்ன ஆயின? டிஸ்போசல் வண்டி என்று ஏலம் போட்டார்கள், நம்ம ஆட்கள் வாங்கி அடியில் வேறு எஞ்சின் வைத்து, மேலே மரத்தில் பாடி கட்டி, பஸ்ஸாகவும் லோடு வண்டியாகவும் ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். அண்ணன் உன் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான், 'அந்த ஸ்பிரிங் பட்டை எல்லாம் இன்னும் நல்லா இருக்குமேடா, கழற்ற விடுவானா?' விடமாட்டார்கள், அது வரலாற்றுச் சின்னம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு அது புரியவில்லை, எனக்கும் முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

ராஸ் ரிவர் என்ற ஊரில் பெல்லி ஆற்றைப் படகில் கடந்து வட கனோலில் ஏறினால் யூக்கான் எல்லை வரைக்கும் கிட்டத்தட்ட 230 கிலோமீட்டர், வழியில் பெட்ரோல் கிடையாது. போகவும் வரவும் சேர்த்துக் கணக்குப் போடு. லோவில் ஊர்ந்தால் ரோட்டு மைலேஜில் பாதிகூட வராது என்று வைத்துக்கொண்டு கேன் எடு. எல்லைக்கு அந்தப்பக்கம் பாதை நடைப்பயணக்காரர்களுக்குத்தான், பாலங்கள் அடித்துக்கொண்டு போய்விட்டன, அங்கே வண்டியை இறக்க வேண்டும் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு. டயர் காற்றைச் சேற்றிலும் மணலிலும் கொள்ளிடத்தில் செய்வோமே அப்படி 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கலாம், ஆனால் கூர்க்கப்பி ரோட்டில் காற்று குறைவாக வைத்து வேகமாக ஓட்டினால் டயர் சூடாகும், பக்கவாட்டில் கிழியும். காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசரும், ஸ்டெப்னி இரண்டும் எடுத்துக்கொள்.

முன் ஆக்சில் நுனியில் சக்கரம் திரும்பும் முட்டியில் கருப்பாகக் கூழ் வழிகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை. அது உள் சீல் போனதற்கு அடையாளம், கிரவுனில் இருக்கும் கியர் ஆயில் முட்டிக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது, இந்த டொயோட்டாக்களுக்கே உள்ள வியாதி. ரோட்டில் ஓட்டினால் கொஞ்ச நாள் தள்ளலாம். ஆற்றில் இறக்கினால் தள்ள முடியாது. ஓடி வந்த ஆக்சில் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும், பனி உருகி வந்த தண்ணீரில் இறக்கிய நொடியில் அது சுருங்கி வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும், சீல் சரியில்லை என்றால் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் போகும். அதனால் சீலை மாற்று, ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் துளை அடைத்திருக்கிறதா பார், முடிந்தால் ஒரு ரப்பர் ட்யூப் மாட்டி மேலே எஞ்சின் பக்கம் ஏற்றிவிடு. ஆற்றங்கரைக்கு வந்ததும் அவசரப்படாதே, ஒரு பத்துப் பதினைந்து நிமிஷம் வண்டியை ஆறவிடு. தண்ணீர் ஃபேன் உயரத்துக்கு வரும் போல இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மெதுவாகப் போ. பனி உருகி வரும் ஆறுகளில் காலையில் தண்ணீர் குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும் இருக்கும், எனவே விடிந்ததும் கட. அன்றைக்கு ராத்திரியே கிரவுன் பிளக்கைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுப் பார், மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது, மாற்றாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. ஆயில் இரண்டு கேன் எடுத்துப் போ.

தனியாகப் போகாதே என்று தங்கச்சி உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பாள், நானும் சொல்கிறேன். இன்னொரு வண்டி இல்லாமல் போவதாக இருந்தால் எந்த நாள் எந்த இடம், எந்த நாளுக்குள் திரும்பவில்லை என்றால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பு. சாட்டிலைட் கருவி வாங்கியிருப்பது நல்லது. ஆனால் தை மாசம் ஊருக்கு வரும்போது அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதே, அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருந்தால் இங்கே ஏர்போர்ட்டிலேயே பிடித்து வழக்குப் போடுவார்கள், வெள்ளைக்காரர்களே மாட்டியிருக்கிறார்கள்.

இங்கே செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றுக்கு ஆவணியில் நாள் கேட்டிருக்கிறோம், இப்போதே டிவியில் வருகிறவர்கள் எல்லாம் வயசாகிவிட்டார்கள் என்று குறை சொல்கிறாள். பேராவூரணிப் பக்கம் உங்க பெரியப்பா கஜாவுக்கு அப்புறம் வைத்த கன்றுகள் காய்க்க ஆரம்பித்துவிட்டன, ஆனாலும் பழைய மரத்துக் காய் பருமனுக்கு வராது என்கிறார், அவர் எதைத்தான் ஒப்புக்கொண்டார். ஜீப்புக்கு ஆர்சி புதுப்பிக்கப் போய் வந்தேன், புகை டெஸ்டில் பாஸ் ஆகிவிட்டது. ஆனால் அங்கே ஒருத்தர் வண்டியைச் சுற்றி வந்து, 'இதை ஸ்கிராப்புக்குப் போட்டால் நல்ல விலை வருமே சார்' என்றார். நான் பதில் சொல்லவில்லை. பட்டறை அண்ணன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நீ ஜூலை கடைசியில் கிளம்புவதாக இருந்தால் சீல் கிட்டை இப்போதே ஆர்டர் போடு. முட்டியைப் பிரிக்கும்போது ஷிம்கள் என்ற மெல்லிய தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள், மேலே உள்ளதைக் கீழே போட்டால் முட்டி நடுவை விட்டு விலகிவிடும். பிரித்து வைத்த போட்டோவை எனக்கு அனுப்பு, அண்ணனிடம் காட்டி பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் மாமா விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள