கொம்பு தொலையும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாறவைக்கும் கற்றல் குறைபாடு) என்றாலே ஆங்கிலத்தில் பி, டி எழுத்துகளைத் திருப்பிப் போடுவதுதான் என்று நம் டெல்டா ஊர்களில் பலர் நினைக்கிறார்கள். அதற்காகக் காத்திருந்தே இரண்டு மூன்று வகுப்புகள் கடந்துவிடுகின்றன. தமிழில் சிக்கல் கொம்பிலும் துணைக்காலிலும் தெரியும்.

‘கொ’ என்று சொல்லும்போது வாயில் ‘க்’ முதலில், ‘ஒ’ பின்னால். தாளிலோ கொம்பு முதலில், ‘க’ நடுவில், கால் கடைசியில். அதனால்தான் ‘கொடி’ ‘கெடி’ ஆகிறது. காலை ‘ர’ என்று எண்ணிக் ‘கெரடி’ என்றும் படிக்கிறார்கள். பத்துத் தடவை எழுதவைத்தால் கை பார்த்து வரையும், அவ்வளவுதான். மறுநாள் சொல்வதெழுதலில் கால் மறுபடியும் தொலையும். (ழ, ள மாறுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ‘வாளப்பளம்’ என்று பேசும் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் அது வரும்.)

முதலில் கண், காது சோதனை. பிறகு எழுத்தே காட்டாமல் வாய்ப்பயிற்சி: ‘நடவு’க்கு எத்தனை கைதட்டு? ‘மடை’யில் ‘ம’ போனால் மிச்சம் என்ன? இது வராத பிள்ளையிடம் எழுத்து அட்டையை நீட்டிப் பயனில்லை. வந்துவிட்டால், ‘க’வுக்கு வெள்ளை அட்டை, கொம்புக்கும் காலுக்கும் சிவப்பு அட்டை. ‘க், ஒ, கொ’ என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் பிள்ளையே அடுக்க வேண்டும். தாம்பாளத்தில் சலித்த ஆற்றுமணலை ஒரு விரற்கடை உயரம் பரப்பி விரலால் எழுதும் திண்ணைப் பள்ளி முறை இங்கே மிகவும் கைகொடுக்கும். ஆனால் விரல் ஓடும்போது ஒலியும் வாயில் வர வேண்டும். வாய் மூடியிருந்தால் அது கோலம் போடுவதோடு முடிந்துவிடும்.

ட, ப, ம என்று அடுத்தடுத்துத் தொடங்கும் வழக்கம் இவர்களுக்கு ஒத்துவராது. ப, ம இரண்டும் வடிவத்தில் நெருக்கம், இரண்டும் உதட்டில் பிறப்பவை. ஒன்று தடுமாறாமல் வந்த பிறகே மற்றது. உகர, ஊகார வரிசையின் 36 எழுத்துகளுக்குக் குறி ஒரே சீராக இல்லை. அவற்றைக் கடைசிக்குத் தள்ளி, வாரத்துக்கு 2 அல்லது 3 சொல்லிக்கொடுத்தால் போதும். தினம் 20 நிமிடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை 2 மணி நேரம் ஈடாகாது. படத்துக்குக் கீழே ‘வயல்’ என்று படித்துவிட்டால் நம்ப வேண்டாம், ஊகமாக இருக்கலாம். ‘டமி’, ‘லபு’ என்று பொருளில்லாச் சொற்களைக் கொடுத்துப் பாருங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வுச் சலுகைக்கான சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பில் ஓடாமல், தொடக்கப் பள்ளியிலேயே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்திலாவது சொற்களை வரிக் கடைசியில் உடைக்காமல், சற்றுப் பெரிய எழுத்தில், தாராளமாக இடைவெளி விட்டு அச்சிடுங்கள். ‘நட’ ஒரு வரியிலும் ‘வு’ அடுத்த வரியிலும் விழுந்தால் இந்தப் பிள்ளைகள் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர் ஒருவர்,
மன்னார்குடி