பன்னிரண்டு நிமிடங்களைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய இசைக்குழு நிகழ்ச்சித் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் விவிலியத்தின் இறுதி நூலுக்கு வரைந்த படங்களை வைத்து, செக் இசையமைப்பாளர் லுபோஷ் ஃபிஷர் 1965இல் எழுதி முடித்த ‘ட்யூரரின் திருவெளிப்பாட்டைத் தழுவிய பதினைந்து தாள்கள்’ சென்ற வாரக் கச்சேரியிலிருந்து ஏன் நீக்கப்பட்டது என்பதை நீங்களே நன்கு அறிவீர்கள். எங்களுக்குக் கிடைத்ததோ, ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ அதற்குப் பதிலாகப் புகழ்பெற்ற செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் ‘வல்தாவா’ இசைக்கப்படும் என்ற ஒரு துண்டுச்சீட்டு மட்டுமே. இரண்டுமே ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடப் படைப்புகள் என்பதால், நேரமின்மையைக் காரணமாகச் சொல்ல வழியில்லை. ஒத்திகை கூடுதலாகத் தேவைப்படும், நோட்டுப் பிரதிகளுக்கு வாடகை கட்ட வேண்டும் என்பவையெல்லாம் அட்டவணையை அச்சுக்குக் கொடுத்த அன்றே தெரிந்திருந்தவைதாம்.

அந்தச் சீட்டு ஒட்டப்பட்டிருந்த இடத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கையேட்டில் அதைத் தூக்கிப் பார்த்தால், 1498இல் ட்யூரர் வெளியிட்ட பதினைந்து மரச்செதுக்கு ஓவியங்களுள் ஒன்றான நான்கு குதிரைவீரர்கள், கீழே விழுந்த மனிதர்களை மிதித்தபடி பாய்ந்து வருகிறார்கள். நடுவே வருபவனின் கையில் தராசு. தங்கள் குழுவும் ஒரு தட்டில் ஃபிஷரையும் மறுதட்டில் நுழைவுச்சீட்டு விற்பனையையும் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கும் போலும்.

விசாரித்தபோது, ‘இசைத்தட்டில் கேட்டுக்கொள்ளலாமே’ என்று அலுவலகத்தில் கனிவாகவே சொன்னார்கள். ஆறு சுரங்களை அடிப்படையாகக் கொண்டு பதினைந்து சிறு பகுதிகளாக நகரும் இந்த இசை, காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒலித்துக்கொண்டிருந்து திடீரென வெடிப்பது. வீட்டில் மெல்லிய பகுதிக்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த முழக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். அவருக்காகக் குறைத்தாலோ பாதி இசை காணாமல் போகிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்கக்கூடிய இடம் தங்கள் அரங்கம் ஒன்றுதான். ஆகவே அந்தப் பன்னிரண்டு நிமிடங்களை அங்கேயே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

1967இல் பாரிஸில் யுனெஸ்கோ பரிசு பெற்ற படைப்பை, நாங்கள் கேட்டால் மிரண்டுவிடுவோம் என்று எண்ணிக் காப்பாற்றியிருக்கிறீர்கள். 1968இல் சோவியத் தலைமையில் நடந்த படையெடுப்புக்குப் பின் வந்த செக்கோஸ்லோவாக்கிய அதிகாரிகளுக்கும் மக்களின் காதுகள்மீது இப்படியொரு அக்கறை இருந்தது. இசையமைப்பாளர்களுள் மிலோஸ்லாவ் கபெலாச் ஓரங்கட்டப்பட்டார், மரேக் கோபெலென்ட் பதிப்பாசிரியர் வேலையை இழந்தார். அங்கே தணிக்கைக்காவது ஓர் அரசு தேவைப்பட்டது. இங்கே ஒரு துண்டுச்சீட்டும் கொஞ்சம் பசையும் போதுமானவையாக இருக்கின்றன. இந்த ஒப்பீடு கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும்.

ஸ்மெத்தனாமீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரை ஆண்டுதோறும் கேட்டு மகிழ்கிறோம், இனியும் கேட்போம். ‘நவீன இசை மாலை’ என்று தனியே ஒரு வாரநாளை ஒதுக்கி, பாதி காலியான அரங்கில் ஃபிஷரை இசைத்துவிட்டு, ‘பார்த்தீர்களா, யாரும் வரவில்லை’ என்று கணக்குக் காட்டிவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இந்தப் பருவம் முடிவதற்குள், வழக்கமான சந்தாக் கச்சேரி ஒன்றில், இடைவேளைக்கு முன்பாக, ஒரு பகுதியும் குறையாமல் இதனை இசைக்கும் தேதியை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில், அந்தத் ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ எவையென்று சந்தாதாரர்களுக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்களுள் ஒருவர்