சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்களைப் பதிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் அமெரிக்காவின் முடிவு குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த தலையங்கத்தையும், அதற்கு மறுப்பாக வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். நோய் ஒழிப்பு வைத்தியர்களின் வேலை என்றும், அதை இராஜதந்திரத்தோடும் சமாதானத்தோடும் முடிச்சுப் போடுவது அந்த நிறுவனத்தின் தலைமையகம் உள்ள ஜெனீவாவில் இருப்பவர்களின் வெற்றுப் பேச்சு என்றும் அவர் எழுதியிருந்தார். நான் வைத்தியரல்ல. குடும்ப நல உத்தியோகத்தராக, அதாவது அரச மருத்துவிச்சியாக, பணியாற்றி ஓய்வுபெற்றவள். அந்தப் பணிக்காலத்தில் பதினொரு ஆண்டுகளை வட இலங்கையின் வன்னிப் பகுதியில் கழித்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில் கண்ணால் கண்டதை வைத்துக்கொண்டு அவரது கருத்தை மறுக்க வேண்டியது என் கடமையென நினைக்கிறேன்.

இலங்கையில் 1995ஆம் ஆண்டு போலியோவுக்கான தேசிய நோய்த்தடுப்பு தினங்கள் ஆரம்பிக்கப்பட்டன. ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். ஒரு கிராமம் விடுபட்டாலும் வைரசுக்கு அங்கே இடம் கிடைத்துவிடும். நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. யுனிசெப் நிறுவனம் இடையில் நின்று பேசியதன் பேரில், அந்த நாட்களில் அரச படைகளும் விடுதலைப் புலிகளும் தாக்குதல்களை நிறுத்தி வைக்க இணங்கினார்கள். அமைதி நாட்கள் என்று அவற்றுக்குப் பெயர். பெட்டரி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் என்று எதைக் கொண்டுபோவதற்கும் அனுமதிக் கடிதத்தோடு சோதனைச் சாவடியில் காத்துக் கிடந்த அந்தக் காலத்தில், சொட்டு மருந்துப் பெட்டி மட்டும் இரு பக்கத்தாராலும் வழிவிடப்பட்டுக் கடந்து வந்தது.

அப்படி ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1990களின் பிற்பகுதி. ஓலைக் கூரை போட்ட வாசிகசாலை ஒன்றில் மேசை போட்டிருந்தோம். குளிர்ப்பெட்டியை ஈரச் சாக்கால் சுற்றி, வெயில் படாத மூலையில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்து ஒவ்வொரு சீசாவாக எடுத்தோம். சீசாவின் லேபிளில் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் அந்தச் சதுரம் கறுக்கத் தொடங்கும். வட்டத்தின் நிறத்துக்கு அது வந்துவிட்டால் மருந்தை எறிந்துவிட வேண்டும். ஐஸ் உருகுவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டுமே என்ற பதற்றத்தோடு அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து கிபிர் போர் விமானத்தின் சத்தம் இல்லை. ஷெல் சத்தமும் இல்லை. இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்த தாய்மார்கள் வெளிவெளியாகத் தெருவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்ததை அன்றுதான் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, “பிள்ளை, இது ஆர் குடுத்துவிட்ட மருந்து?” என்று கேட்டார். மருந்து கொழும்பிலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வியில் இருந்த பயமும் எல்லோருக்கும் தெரியும். “இந்தப் பிள்ளை பிறக்கேக்க கையில ஏந்தினது நான்தானே அம்மா, நான் தாறன்” என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பிள்ளையின் வாயைத் திறந்து பிடித்தார்.

அந்த ஒரு பார்வையில்தான் உலகளாவிய நோய் ஒழிப்பு முயற்சி முழுவதும் தங்கியிருக்கிறது என்பதை நான் பிற்காலத்தில் பாகிஸ்தானைப் பற்றிப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். 2011ஆம் ஆண்டு அபோட்டாபாத் நகரில் ஒசாமா பின்லேடனைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க உளவு நிறுவனம், உள்ளூர் வைத்தியர் ஒருவரைக் கொண்டு ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் திட்டம் ஒன்றை நடத்துவது போல் நடித்தது. தேடப்பட்டவரின் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து மரபணு மாதிரி பெறுவதே நோக்கம். அந்தச் செய்தி வெளிவந்த பின்னர், 2012இல் வசீரிஸ்தானில் தலிபான் தளபதிகள் போலியோ சொட்டு மருந்தைத் தடை செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்து கொடுத்த பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகள் அதோடு நிற்கவில்லை. இனிமேல் தடுப்பு மருந்துத் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்று வெள்ளை மாளிகை 2014இல் வாக்குறுதி அளித்தது. அது வரவேற்கத்தக்கதுதான், ஆனால் அந்தப் பெண்களுக்கு அது பிந்திப் போய்விட்டது. இயற்கையான போலியோ வைரசு இன்றைக்கும் பரவிக்கொண்டிருக்கும் நாடுகள் இரண்டுதான்: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான். சந்தேகம் ஏற்கெனவே அங்கு இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரத்தைக் கையில் கொடுத்தது ஓர் அரசு.

நம்பிக்கை உடைந்தால் எல்லைகள் எவ்வளவு எளிதாகக் கடக்கப்படும் என்பதற்கு நைஜீரியா இன்னொரு சான்று. அங்கு கானோ மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு, சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தியால் திட்டம் நிறுத்தப்பட்டது. வைத்திய விளக்கங்கள் எதுவும் எடுபடவில்லை. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பின் மூலம் பேசி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தைத் தருவித்த பிறகே 2004இல் பணி மீண்டும் தொடங்கியது. அதற்குள் நைஜீரிய வைரசு ஏறக்குறைய இருபது நாடுகளுக்குப் பரவிவிட்டது. 2005இல் அந்த இந்தோனேசியாவிலேயே பிள்ளைகளை முடமாக்கியது. அந்தத் தடையை நீக்கியது ஆய்வுகூடமா, இராஜதந்திரமா என்று கடிதம் எழுதிய அன்பர் சொல்லட்டும்.

அமெரிக்காவின் விலகல் பற்றிய தலையங்கம் குறிப்பிடாத ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தை விட்டு வெளியேறிய முதல் வல்லரசு அமெரிக்கா அல்ல. 1949இல் சோவியத் ஒன்றியம் வெளியேறியது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது அது வெறுங்கையோடு வரவில்லை. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கூடிய உலக சுகாதார மாநாட்டில், சோவியத் பிரதிச் சுகாதார அமைச்சர் விக்டர் ஷ்தானோவ், பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்க வேண்டுமென்ற பிரேரணையை முன்வைத்தார். அம்மைத் தடுப்பூசியைக் கண்டறிந்த ஜென்னருக்கு அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் 1806இல் எழுதிய கடிதத்தை அவர் தமது உரையில் எடுத்துக்காட்டினார் என்பது, எதிரியின் வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். பின்னர் 1967இல் தீவிரமாக்கப்பட்ட திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டி. ஏ. ஹென்டர்சன் என்ற அமெரிக்கர். அதற்குச் சோவியத் ஒன்றியம் அன்பளிப்பாக வழங்கிய தடுப்பு மருந்தோ ஒரு பில்லியன் அளவுக்கும் மேல். இரு பக்கத்திலும் அணுகுண்டுகள் ஆயத்தமாக இருந்த காலம் அது. நான் வன்னியில் கொடுத்த சொட்டு மருந்தின் கதையும் அதுவே: அமெரிக்கரான ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய மருந்து, சோவியத் நாட்டில் மிகாயில் சுமாகோவின் மேற்பார்வையில் கோடிக்கணக்கான மக்களுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கப்பட்ட பிறகே உலகெங்கும் ஏற்கப்பட்டது.

இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்க்கா நகர வைத்தியசாலையில் சமையற்காரராக இருந்த அலி மாவ் மாலின். 1977 ஒக்டோபரில், சோமாலியாவும் எத்தியோப்பியாவும் ஒகாடன் பிரதேசத்துக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் நோயுற்றுக் குணமானார். வயது போன காலத்தில் அவர் தம் நாட்டில் போலியோ சொட்டு மருந்துப் பணியாளர்களோடு சேர்ந்து ஊர் ஊராகச் சென்று, தான் அம்மைக்கு ஊசி போடப் பயந்து தவிர்த்ததைச் சொல்லித் தாய்மாரை இணங்க வைத்தார். 2013இல் அந்தப் பணியின்போதே மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். அவரை நினைக்காமல் நான் இந்த விடயத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இதற்காக, நோய் ஒழிப்பு சமாதானத்தைக் கொண்டுவரும் என்று மேடையில் பேசுவோரோடும் நான் உடன்படவில்லை. எங்கள் ஊரில் அமைதி நாள் முடிந்த மறுநாட் காலையே ஷெல் சத்தம் திரும்பவும் கேட்டது. காசாவில் 2024ஆம் ஆண்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முதலாகப் பத்து மாதக் குழந்தை ஒன்று போலியோவால் முடமானபோது, செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் பகுதி பகுதியாகத் தாக்குதல் நிறுத்தப்பட்டு, முதற் சுற்றில் ஏறக்குறைய 560,000 பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் அதன் பின்னரும் குண்டுவீச்சின் கீழேயே இருந்தார்கள். சூடானில் 1995ஆம் ஆண்டு முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், நரம்புச்சிலந்தி நோய்க்காகவே ஒரு போர்நிறுத்தத்தைப் பேசி உருவாக்கினார். அந்த நோய்க்குத் தடுப்பூசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. காலில் கொப்புளம் உடைந்து வெளிவரும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி நாட்கணக்கில் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். வராமல் தடுப்பதற்கோ குடிநீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். அந்தத் துணியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகவே துப்பாக்கிகள் ஓய வேண்டியிருந்தது. அந்த ஓய்வு ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்தது. ஆனால் சூடானில் சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தானது 2005இல். எல் சல்வடோரில் 1985 முதல் ஆண்டுதோறும் தடுப்பூசிக்காகச் சண்டை நிறுத்தப்பட்டது. 1992இல்தான் போர் முடிந்தது.

அப்படியானால் இவற்றால் என்ன பயன் என்று கேட்பது நியாயமே. பிள்ளைகளின் கால்கள் என்பது முதல் விடை. அதுவே போதுமான விடையும்கூட. இரண்டாவது விடை எங்கள் லொறிச் சாரதியிடமிருந்து நான் கற்றது. சொட்டு மருந்து நாளுக்கு முன், எந்த வண்டி, எந்த இலக்கம், எந்தப் பாதை, எத்தனை மணி, யார் யார் வருகிறார்கள் என்ற விபரத்தாள் ஒன்று எழுதி இரு பக்கத்துக்கும் போகும். நேரடியாக முகம் பார்க்க மறுத்த இரு தரப்பாரும் அந்த ஒரே தாளைப் பார்த்து, ஒரே நேரத்தில் ஒரே பாதையைத் திறந்தார்கள். சொன்ன நேரத்துக்குத் திறந்தார்கள், சொன்ன நேரம் வரை சுடாமலிருந்தார்கள். எதிராளி ஒரு சிறு காரியத்தில் சொன்ன சொல்லைக் காப்பான் என்று அறிவது பெரிய பேச்சுவார்த்தைக்கு வேண்டிய முதற் பொருள். நம் நாட்டில் அந்தப் பொருள் கையில் இருந்தும் நாம் அதைக் கொண்டு எதையும் கட்டவில்லை என்பதே என் துயரம்.

நோய்க்கு எல்லை தெரியாது என்பதையும் இந்தத் தீவு பட்டே அறிந்தது. மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் இலங்கையில் நாற்பது ஆண்டுகளாக இல்லாதிருந்து, 1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்கென்று கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு மீண்டும் வந்து, கிழக்கின் மாட்டுப் பட்டிகளை வருத்தியது. உலகளவில் அந்நோய் ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. மலேரியாவின் கதை இன்னும் பெரியது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகளே பதிவானார்கள். வெற்றி கிடைத்துவிட்டதென்று நுளம்பு மருந்தடிப்பும் பணமும் குறைக்கப்பட, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 1999இல், போரின் நடுவே, 260,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அந்நிலையிலிருந்து, போர் முடிவதற்கு முன்னரே தொடங்கி, போர்முனையின் இரு பக்கத்திலும் வேலை செய்த மலேரியா ஒழிப்பு இயக்க ஊழியர்களின் உழைப்பால், 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்று, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. உலக நிதி குறைக்கப்படும் இன்றைய நிலையில் 1963ஐ நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது. நமது படையினர் ஐ.நா. அமைதிப் பணிக்கும், நமது வியாபாரிகள் இரத்தினக் கற்களுக்கும் ஆபிரிக்கா சென்று வருகிறார்கள். அங்கு மலேரியா கூடினால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கப் போவதும் அதுவே.

ஆகவே, தங்கள் பத்திரிகையின் மூலம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஆயுத மோதல்களில் வைத்தியப் பணியாளர் மீதான தாக்குதல்களைக் கண்டிக்கும் 2286ஆம் இலக்கத் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை 2016இல் நிறைவேற்றியது. அதோடு சேர்த்து, தடுப்பு மருந்துப் பணியை உளவுக்கோ போருக்கோ பயன்படுத்துவதில்லை என்று ஒவ்வொரு நாடும் வெளிப்படையாக உறுதியளிக்க வேண்டுமென, ஒவ்வொரு மே மாதமும் ஜெனீவாவில் கூடும் உலக சுகாதார மாநாட்டில் இலங்கைப் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். சொட்டு மருந்துக்காகப் போரை நிறுத்திய நாடு என்ற முறையில் அதைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டு. மற்றது, வெளிநாட்டு அமைச்சும் சுகாதார அமைச்சும் சேர்ந்து, அந்த அமைதி நாட்களின் வரலாற்றை மூன்று மொழிகளிலும் எழுதி வெளியிட வேண்டும். பேசி இணக்கியவர்களின் பெயர்கள் எங்காவது கோப்பில் இருக்கும். பெட்டி சுமந்தவர்கள், சாவடியில் வழிவிட்ட சிப்பாய்கள், மறுபக்கத்தில் அதே பெட்டியை வாங்கிச் சைக்கிளில் கட்டிய இளைஞர்கள், பொதுச் சுகாதார பரிசோதகர்கள், சாரதிகள் ஆகியோரின் நினைவுகள் எந்தக் கோப்பிலும் இல்லை. அவர்களில் பலர் போரில் இறந்துவிட்டார்கள். மீதியாயிருப்பவர்களுக்கு என்னைப் போல் வயதாகிறது.

என்னிடம் அந்தக் காலத்துக் கொப்பி ஒன்று இருக்கிறது. இடப்பெயர்வுகள் எல்லாவற்றிலும் கூடவே வந்து, மழையில் நனைந்து ஓரங்கள் ஒட்டிப்போன கொப்பி. ஒவ்வொரு சொட்டு மருந்து நாளிலும் வந்த பிள்ளைகளின் பெயர், தாயின் பெயர், கொட்டில் இலக்கம், சீசா இலக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த வரலாற்றை எழுத முன்வருவோருக்கு அதைக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.