கொரியப் படங்களும் விட்டுப்போன பெயர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கொரிய சினிமா பற்றி வந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாக இருந்தது. பொங் ஜூன்-ஹோ, பார்க் சான்-வூக், லீ சாங்-டோங், கிம் கி-டுக் என்று எல்லோரையும் படத்தோடும் ஆண்டோடும் சொன்ன கட்டுரையாளர், நடுவில் ஓரிடத்தில் 'பேச முடியாத பாட்டியும் நகரத்துப் பேரனும் வரும் அந்தக் கொரியப் படம்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். மற்ற படங்களுக்கெல்லாம் சொந்தக்காரர் உண்டு. இதற்கு மட்டும் இல்லை. அந்தப் படம் 'தி வே ஹோம்', 2002-ல் வந்தது. எடுத்தவர் லீ ஜியோங்-ஹ்யாங் என்ற பெண். இரண்டு பக்கத்தையும் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். பெண் இயக்குநர் ஒருவர் பெயர்கூட இல்லை.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று கேட்காதீர்கள். நான் ஃபிலிம் லேபில் நெகட்டிவ் கட்டராக, அதாவது மூலப் படச்சுருளை வெட்டி ஒட்டும் ஆளாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஃபிலிம் டப்பா மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் படத்தின் பெயர், ரீல் நம்பர், கம்பெனி பெயர் எல்லாம் இருக்கும். சீட்டு உரிந்துபோன டப்பாவை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இடம் போதவில்லை என்றால் முதலில் வெளியே போவது அதுதான். ஃபிலிமைக் கழுவி வெள்ளி எடுப்பவர்கள் எடைக்கு வாங்கிப் போவார்கள். பெயர் போனால் படமும் போகும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை.

கொரியாவிலும் இதுதான் நடந்தது. அங்கே முதன்முதலில் படம் இயக்கிய பெண் பார்க் நாம்-ஓக். இளம் வயதில் குண்டு எறிதல் வீராங்கனை. கொரியப் போர் முடிந்த கையோடு, 1955-ல் 'தி விடோ' என்ற படத்தை 16 எம்எம் என்ற சின்ன அகல ஃபிலிமில் எடுத்தார். போரில் கணவனை இழந்து ஒரு பெண் குழந்தையோடு நிற்பவளுக்கு இன்னொருவன் மேல் ஆசை வருகிறது, அதுதான் கதை. அந்தக் காலத்தில் இதைத் துணிந்து எடுத்தார் என்பது ஒரு பக்கம். எப்படி எடுத்தார் என்பது இன்னொரு பக்கம். பணம் போட்டது அவருடைய அக்கா. யூனிட்டுக்குச் சாப்பாடு சமைத்தது இயக்குநரே. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஷூட்டிங் நடத்தினார், அந்தக் கோலத்தில் அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஒலிப்பதிவுக்குப் போனால், வருடம் பிறந்ததும் முதல் வேலையாகப் பொம்பளை எடுத்த படத்தையா பதிவு செய்வது என்று திருப்பி அனுப்பினார்களாம். படம் சில நாட்கள்தான் ஓடியது. அதன் பிறகு அவர் இன்னொரு படம் எடுக்கவே இல்லை. 2017-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் கடைசிப் பகுதியில் ஒலி இல்லை. வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை. முடிவு இருக்கும் பகுதி கிடைக்கவே இல்லை. எங்கள் வேலையில் படத்துக்கு ஒரு நெகட்டிவ், ஒலிக்குத் தனியாக ஒரு நெகட்டிவ். இரண்டையும் ஒரே குறியில் பொருத்தி வைத்தால்தான் பிரின்ட் சரியாக வரும். ஒன்று போனாலும் மற்றது ஊமை, இல்லாவிட்டால் குருடு. அந்தக் கடைசி நிமிடங்களை என்னால் சாதாரணப் பார்வையாளனாக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. கை தானாக அடுத்த டப்பாவைத் தேடியது. நாற்பது வருடத்துக்கு மேல் யாரும் கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் படத்தை 1997-ல், சியோல் சர்வதேசப் பெண்கள் திரைப்பட விழா முதன்முதலாக நடந்தபோது எடுத்துத் திரையிட்டார்கள். இப்போது அந்த விழாவில் பார்க் நாம்-ஓக் பெயரில் விருதும் உண்டு.

இரண்டாமவர் ஹோங் உன்-வொன். படப்பிடிப்பில் கன்டின்யூட்டி எழுதும், அதாவது காட்சிகளின் தொடர்ச்சி மாறாமல் குறித்து வைக்கும் வேலையில் தொடங்கி, திரைக்கதை எழுதி, 1962-ல் 'எ வுமன் ஜட்ஜ்' எடுத்தார். மொத்தம் மூன்று படம். இந்தப் படத்தின் பிரதியும் பல காலம் காணாமல் போய், பிறகு குறைகளோடுதான் கிடைத்தது. இதை வைத்து ஷின் சு-வொன் என்ற இன்னொரு பெண் 'ஹொமாஜ்' என்று ஒரு படம் எடுத்திருக்கிறார். 'பாரசைட்' படத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வந்தாரே லீ ஜங்-உன், அவர்தான் இதில் கதாநாயகி. எடுத்த மூன்று படமும் ஓடாத நடுத்தர வயது இயக்குநர். பழைய 'எ வுமன் ஜட்ஜ்' படத்தில் போய்விட்ட ஒலியைச் சரிசெய்யும் சில்லறை வேலை அவருக்குக் கிடைக்கிறது. வெட்டப்பட்ட துண்டுகளைத் தேடி அலைகிறார். கடைசியில் அவை கிடைக்கும் இடம் பழைய தொப்பிகள். அந்தக் காலத்தில் கொரியாவில் வேண்டாத ஃபிலிமைத் தொப்பிக்குப் பட்டையாக வைத்துத் தைப்பார்களாம். பட்டையை உரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிலிமை ஓரத்தில் விரல் வைத்துத்தான் பிடிக்க வேண்டும், நடுவில் தொடக் கூடாது. எனக்கு அந்தக் கவலை.

சரி, பழைய கதை போதும். என் நண்பர் ஒருவர் இந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொம்பளை எடுத்தாங்கன்னு பார்க்கணுமா, படம் நல்லா இருந்தா பார்க்கலாம்" என்றார். நியாயம்தான். நானும் நல்ல படமாக இருப்பதால்தான் சொல்கிறேன். 'தி வே ஹோம்' கொரியாவில் நாற்பது லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்த படம். பாட்டியாக நடித்த கிம் உல்-பூன் அம்மாள் அதற்கு முன் நடித்ததும் இல்லை, சினிமா பார்த்ததும் இல்லை. பையன் கென்டக்கி சிக்கன் வேண்டும் என்று சைகையில் கேட்கிறான். கோழி என்பது மட்டும் பாட்டிக்குப் புரிகிறது. மழையில் நனைந்து போய் உயிர்க்கோழி வாங்கி வந்து, முழுசாக வேகவைத்து முன்னால் வைக்கிறாள். அவன் அழுது தீர்க்கிறான். ராத்திரி பசி தாங்காமல் எழுந்து அதையே பிய்த்துத் தின்கிறான். ஊருக்குக் கிளம்பும் முன் அவன் செய்வது இன்னும் பெரிது. கண் சரியாகத் தெரியாத பாட்டிக்காக இருக்கிற ஊசியிலெல்லாம் நூல் கோத்து வைக்கிறான். அந்த இடத்தில் வசனம் கிடையாது. இதை எழுதி எடுத்தவருக்குத்தான் நம் கட்டுரையில் பெயர் இல்லை.

பெண் இயக்கினால் பெண்கள் கதையாகத்தான் இருக்கும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். இம் சூன்-ரே 2001-ல் எடுத்த 'வைக்கிகி பிரதர்ஸ்' முழுக்க ஆண்கள் கதை. கேட்க ஆளில்லாமல் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் ஒரு பாண்டுக் குழு, அவ்வளவுதான். அவரே 2008-ல் எடுத்த 'ஃபாரெவர் தி மொமன்ட்' ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய பெண்கள் ஹேண்ட்பால் அணியின் கதை. அதையும் நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். 'லிட்டில் ஃபாரஸ்ட்' படத்தை நான்கு பருவத்திலும் கிராமத்தில் காத்திருந்து எடுத்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆப்கானிஸ்தான் பணயக்கைதிகளை வைத்து 2023-ல் வந்த அவருடைய 'தி பாயின்ட் மென்' எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. ஆனால் அதைவிடச் சாதாரணமான ஆக்‌ஷன் படங்களுக்கு உங்கள் கட்டுரையில் அரைப் பத்தி கிடைத்திருக்கிறது.

பியோன் யோங்-ஜுவைப் பற்றி யாராவது நீளமாக எழுத வேண்டும். ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்கள் வயதான காலத்தில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர்களோடு இருந்து 1995-ல் 'தி மர்மரிங்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பிறகு 1997, 1999 என்று இன்னும் இரண்டு. முதல் படத்துக்கு நூறு அடி ஃபிலிமுக்கு ஒருவர் என்ற கணக்கில் மக்கள் பணம் கொடுத்தார்கள். 16 எம்எம்மில் நூறு அடி என்றால் மூன்று நிமிடம்கூட ஓடாது. ஒரு படத்துக்கு எத்தனை பேர் கை நீட்டியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது படத்தை எடுக்கச் சொன்னதே அந்தப் பாட்டிகளில் ஒருவர்தான். நுரையீரல் புற்றுநோயோடு இருந்தவர், தன்னைக் கடைசி வரை படம் பிடிக்கச் சொன்னார். இதே இயக்குநர் 2012-ல் 'ஹெல்ப்லெஸ்' என்று ஒரு அட்டகாசமான த்ரில்லரும் எடுத்திருக்கிறார். உங்கள் கட்டுரையின் 'திகில்' பெட்டிச் செய்தியில் தாராளமாக இடம் இருந்தது.

புதியவர்களில் எனக்குப் பிடித்தது கிம் போ-ரா எடுத்த 'ஹவுஸ் ஆஃப் ஹம்மிங்பேர்ட்'. கதை 1994-ல் நடக்கிறது. முதல் காட்சியிலேயே உன்-ஹீ என்ற பள்ளிச் சிறுமி அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டுகிறாள். அம்மா திறக்கவில்லை. மணி அடிக்கிறாள், கத்துகிறாள், அழுகைக்கே வந்துவிடுகிறாள். பிறகு எண்ணைப் பார்த்தால் தவறான மாடி. தன் வீடு இருக்கும் மாடிக்கு ஏறிப் போகிறாள், அம்மா கதவைத் திறக்கிறாள், உள்ளே போகிறாள். அவ்வளவுதான், யாரும் ஒன்றும் விளக்குவதில்லை. இன்னொரு காட்சியில் தூரத்தில் நிற்கும் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், அம்மா திரும்புவதே இல்லை. இங்கேயும் ஷாட்டை அவசரப்பட்டு வெட்டவில்லை. என் வேலைக்காலத்தில் இந்த நீளத்தைப் பார்த்தால் 'ரெண்டு அடி குறைங்க' என்று எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். அந்த வருடம் அக்டோபர் 21-ம் தேதி காலையில் சியோலில் சோங்சு பாலம் இடிந்து 32 பேர் இறந்தார்கள், பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. அது இந்தச் சிறுமியின் வாழ்க்கையில் எப்படி வந்து இடிக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன், பாருங்கள்.

குழந்தைகள் கதை என்றால் யூன் கா-உன் எடுத்த 'தி வேர்ல்ட் ஆஃப் அஸ்' (2016). விளையாட்டுக்கு ஆள் பிரிக்கிறார்கள். கேமரா ஒரே ஒரு சிறுமியின் முகத்தில் நிற்கிறது. மற்றவர்கள் பெயர் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்படுகிறது, இவள் பெயர் வருவதில்லை. முகத்தில் இருக்கும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. அந்தக் குழந்தைகள் கையில் எழுதிய வசனத்தைக் கொடுக்காமல், பேச விட்டே எடுத்தாராம். காசித்தும்பைப் பூவை அரைத்து நகத்தில் வைத்துக் கட்டிக்கொள்வதும், சண்டை வந்த பிறகு அந்தச் சிவப்பு மெல்ல வளர்ந்து போவதுமாக ஒரு சிநேகிதத்தைச் சொல்லிவிடுகிறார்.

அப்புறம், படம் எடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஜங் ஜு-ரியின் 'நெக்ஸ்ட் சோஹி'. ஜியோன்ஜு நகரில் பயிற்சி என்ற பெயரில் கால் சென்டருக்கு அனுப்பப்பட்ட ஒரு பள்ளி மாணவி 2017-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதுதான் படத்துக்கு அடிப்படை. முதல் பாதி அந்தப் பெண். இரண்டாம் பாதியில் நடிகை பே டூ-னா போலீஸ்காரராக வந்து கம்பெனி, பள்ளிக்கூடம், கல்வி அலுவலகம் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறார். எல்லோரிடமும் ஒரு இலக்கு எண் இருக்கிறது, பொறுப்பு யாரிடமும் இல்லை. 2023-ல் படம் கொரியத் தியேட்டர்களில் வெளியானது. அதே ஆண்டில் பயிற்சி மாணவர்களைப் பாதுகாக்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 'நெக்ஸ்ட் சோஹி தடுப்புச் சட்டம்' என்றே மக்கள் அதைச் சொன்னார்கள்.

இன்னும் இருக்கிறார்கள். இஞ்சியோனில் படிப்பை முடித்து வெளியே வரும் ஐந்து தோழிகளை வைத்து 'டேக் கேர் ஆஃப் மை கேட்' எடுத்த ஜியோங் ஜே-உன், சூப்பர் மார்க்கெட் பெண் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைக் 'கார்ட்' ஆக்கிய பூ ஜி-யோங், 'கிம் ஜி-யோங்: பார்ன் 1982' எடுத்த கிம் டோ-யோங். கடைசிப் படத்துக்கு, வெளிவரும் முன்பே, பார்க்காமலேயே மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டு ஒரு கூட்டம் கலாட்டா செய்தது. என்னால் எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் அடக்க முடியாது, நீங்களும் வெட்டித்தான் போடுவீர்கள். வெட்டுங்கள், பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

இணையப் பதிப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி இயக்குநர் பெயரைச் சேர்க்க முடிந்தால் நல்லது. அடுத்து இப்படிக் கட்டுரை வெளியிடும்போது படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர் பெயர் மூன்றையும் சேர்த்தே அச்சிடுங்கள். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பழைய படங்களை யூடியூபில் ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. 'தி விடோ'வை அங்கே தேடிப் பார்க்கச் சொல்லி உங்கள் கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். கடைசியில் சத்தம் நிற்கும்போது நெட் போய்விட்டது என்று நினைத்து அணைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெகட்டிவ் கட்டர்,
உங்கள் நெடுநாள் வாசகன்