கைப்பிடி அரிசியைப் பீடத்தைவிட்டு இறக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சபையை நிர்வகிக்கிற சேகரக் குழுவின் செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும், கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம்.

போன ஞாயிறு வாசித்த அறிவிப்பை முழுவதும் இங்கே திருப்பி எழுதத் தேவையில்லை. தீர்மானம் போட்டவர்களும் நீங்கள், மைக்கில் வாசித்தவர்களும் நீங்கள். அதில் இரண்டு காரியங்களை எங்களால் ஏற்க முடியவில்லை. அறுப்பின் பண்டிகையில் அரிசி முதலான பொருள் காணிக்கை இனி பீடத்துக்கு வரவேண்டாம், வெளியே ஷெட்டில் வைத்தால் போதும் என்பது ஒன்று. கவரில் வரும் தொகையைப் பெரியதில் தொடங்கிச் சிறியது வரைக்கும் பெயரோடு, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முன் வாசிப்போம் என்பது மற்றொன்று. இரண்டையும் திரும்பப் பெறவேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தீர்மானத்தில் இல்லாத ஒரு வார்த்தையும் அன்று மைக்கில் வந்தது. "ரேஷன் அரிசியையெல்லாம் கொண்டுவந்து பீடத்தில் வைக்காதீர்கள்." பெண்கள் பக்கம் கடைசி மூன்று வரிசையில் யாரும் அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை. மடியில் இருந்த துணிப்பைகள் ஒவ்வொன்றாக பெஞ்சுக்கு அடியில் போயின. காசிமேட்டில் விடியற்காலை மீன்கூடை எடுக்கிறவர்களும், வண்ணாரப்பேட்டையில் வீட்டுவேலை முடித்துவிட்டு ஓடிவருகிறவர்களும் அந்த வரிசைகளில்தான் உட்காருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தப் பையில் இருந்தது என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கைப்பிடி அரிசியை மூட்டையிலிருந்து எடுப்பதில்லை. உலைக்கு அரிசியை அளந்த பிறகு, களைவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்து ஜெபம்பண்ணித் தனி டப்பாவில் போடுகிறார்கள். மூட்டையிலிருந்து எடுத்தால் வீட்டுச் சோறு குறையாது. அளந்ததிலிருந்து எடுத்தால் அந்த வேளைச் சோற்றில் ஒரு பிடி குறையும். குறைவது பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிடுகிற அம்மாவின் தட்டில்தான். ஒரு பிடி சுமார் 40 கிராம். இரண்டு வேளை உலை வைக்கும் வீட்டில் மாதத்துக்கு 60 பிடி, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையில் கட்டிக்கிடக்கிறபோதும், அந்த டப்பா நிறைந்துகொண்டுதான் இருந்தது. இதை ரேஷன் அரிசி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எப்படி மனம் வந்தது?

பலியைப் பற்றி வேதம் என்ன சொல்லுகிறது என்பதை உங்களுக்கு நாங்கள் போதிக்க வரவில்லை. ஆனாலும் லேவியராகமம் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆடு கொடுக்கச் சக்தியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன், எப்பா என்ற அந்தக் கால முகத்தலளவையில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவரலாம். இன்றைய கணக்கில் இரண்டு லிட்டர் படி அளவுதான் வரும். ஆசாரியன் அதில் ஒரு கைப்பிடி எடுத்து, ஆட்டின் கொழுப்பு எரிந்த அதே பலிபீடத்தில் தகனிக்கவேண்டும். மாவுக்கென்று வெளியே வேறொரு பீடம் கட்டச் சொல்லவில்லை. நம்முடைய ஆண்டவரைக் குழந்தையாக எருசலேமுக்குக் கொண்டுபோனபோது அவருடைய தாயார் செலுத்தியதும் ஏழையின் காணிக்கைதான், ஆடு அல்ல. லூக்கா 2:24.

தாவீது ராஜா, பலிபீடம் கட்ட அர்வனா என்பவனின் போரடிக்கிற களத்தை இலவசமாக வாங்க மறுத்து 50 சேக்கல் (அந்தக் கால எடை) வெள்ளி நிறுத்துக் கொடுத்த இடத்தையும் நினைத்துப் பாருங்கள். கொடுக்கிறவனுக்கு வலிக்காத ஒன்றைக் கர்த்தருக்குச் செலுத்தமாட்டேன் என்பதுதான் அங்கே அவன் நின்ற நிலை. அந்த அளவுகோலை வைத்தால் நம் சபையில் எந்தக் காணிக்கை கனமானது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஆராதனை முறைமையும் இதையேதான் சொல்லுகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று நம் சென்னையிலேயே தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950இல் வந்த அதன் திருவிருந்து முறைமையில் சமாதானம் கொடுத்தல் முதலில், காணிக்கை அதற்குப் பின். அண்ணனோடும் தம்பியோடும் ஒப்புரவாகிவிட்டுக் காணிக்கை செலுத்து என்ற மத்தேயு 5:24இன் வரிசை அது. ஒருவர் கைக்குள் ஒருவர் கைவைத்துச் சமாதானம் சொன்ன பிறகு, அப்பமும் திராட்சரசமும் ஜனங்களின் காணிக்கையும் சேர்ந்தே முன்னால் போகின்றன. சேர்ந்தே என்பதுதான் முக்கியம். கிறிஸ்து ஒரேதரம் தம்மைப் பலியாகக் கொடுத்தார். அதோடு கூட்டிக் கணக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. நாம் கொடுப்பது நன்றி. நம் சரீரத்தையே ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைத்தான் ரோமர் 12:1 புத்தியுள்ள ஆராதனை என்கிறது. அந்தச் சரீரத்தின் பசியிலிருந்து பிடித்துக் கொடுத்த அரிசியை அப்பத்தின் பக்கத்தில் வைக்கக்கூடாது என்றால், அப்பம் எதிலிருந்து வந்ததென்று நினைக்கிறோம்?

அரிசி கலந்துபோகிறது, வண்டு விழுகிறது, ஏலம் விட முடியவில்லை என்கிற உங்கள் சிரமங்களுக்கு இனி வருவோம். அவை பொய்யல்ல. பச்சரிசியும் புழுங்கலும் கலந்தால் ஒன்று குழையும், மற்றொன்று வேகாது. வாசலில் மூடியுள்ள இரண்டு டிரம் வைத்துப் பெயர் எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீறிக் கலந்ததைக் கஞ்சிக்கு ஒதுக்கலாம். வண்டு விழுவதற்குக் காரணம், கடல்காற்று அடிக்கிற நம் பகுதியில் டிரம்மைத் தரையோடு வைத்து மாதக்கணக்கில் விடுவதுதான். பலகைமேல் வைத்து, காய்ந்த வேப்பிலையும் நாலு வரமிளகாயும் போட்டு, வந்த வாரமே செலவழித்தால் வண்டுக்கு நேரமே கிடைக்காது. வெயிலில் காயவைக்காதீர்கள், அரிசி வெடித்துக் குருணையாகிவிடும். நிழலில் உலர்த்தினால் போதும்.

ரேஷன் அரிசியை விற்கக்கூடாது, அதனால் ஏலத்தில் விட முடியாது என்கிறீர்கள். சரிதான். ஏலம் விடவேண்டாம். ஒரு கிலோவுக்கு ஏழு லிட்டர் தண்ணீர் வைத்தால் 25 பேருக்குக் கஞ்சி வரும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளுக்குத் துணையாக இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதைக் கொண்டுபோய் ஊற்றலாம். காணிக்கை பீடத்திலிருந்து பசித்தவன் கைக்குப் போகும். நன்மைசெய்வதையும் பகிர்ந்து கொடுப்பதையும் பற்றி எபிரெயர் 13:16 சொல்லுகிற பலியும் அதுதான்.

பட்டியல் வாசிப்பதற்கு எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தை ஆதாரம் காட்டினீர்கள். இஸ்ரவேல் கோத்திரங்களின் பன்னிரண்டு தலைவர்களின் பெயரும் அங்கே வாசிக்கப்படுகிறது, உண்மை. ஆனால் பன்னிரண்டு பேரும் கொடுத்தது ஒரே அளவு. 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி. பன்னிரண்டு தடவையும் வார்த்தை மாறாமல் அதே பட்டியல். பெரியவன் சிறியவன் என்று பிரிக்கவே முடியாதபடி எழுதப்பட்ட அதிகாரத்தை நீங்கள் வரிசை பிரிப்பதற்கு எடுத்திருக்கிறீர்கள். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆண்டவர் ஒரே ஒருவரின் காணிக்கையைத்தான் எடுத்துச் சொன்னார், அது ஒரு ஏழை விதவை போட்ட இரண்டு காசு. அவள் பெயரைச் சுவிசேஷம் சொல்லவில்லை.

பழைய வெல்வெட் காணிக்கைப் பையை ஏன் அவ்வளவு ஆழமாகத் தைத்தார்கள்? மூடின கை உள்ளே போய்த் திறந்து, வெறுங்கையாக வெளியே வரும். நோட்டா, நாணயமா என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்க நம் பெரியவர்கள் துணியில் தைத்து வைத்த ஏற்பாடு அது. அதை எடுத்துவிட்டுத் தட்டு வைத்தோம், தட்டுக்குப் பின் கவர் வந்தது, இப்போது மைக். நாற்காலியில் பெயர், விசிறியில் பெயர், படிக்கட்டுக் கல்லில் பெயர். முன்வரிசையில் யாருக்கு இடம் பிடித்து வைக்கிறோம், யாரைச் சுவரோரம் நிற்கச் சொல்லுகிறோம் என்பதை, பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்கு நிற்கிற இடமும் கொடுப்பதைக் கண்டிக்கிற யாக்கோபு 2ஆம் அதிகாரத்தோடு வைத்துப் பார்க்க எங்களுக்கே பயமாயிருக்கிறது. கோபத்தில் சொன்னது அதிகமாயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வெளிப்படையாக இருக்கவேண்டும் என்ற உங்கள் கரிசனையை நாங்களும் மதிக்கிறோம். அதற்குப் பெயர் தேவையில்லை. ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில் (ஆலயத்தின் பக்க அறையில்) இரண்டு பேர் எண்ணி, மூன்றாமவர் சரிபார்த்து, மூவரும் பதிவேட்டில் கையெழுத்திடட்டும். கொடுத்தவருக்கு எண் போட்ட ரசீது தனியாகப் போகட்டும். அறிவிப்புப் பலகையில் மொத்தத் தொகையும் செலவும் தலைப்புவாரியாக ஒட்டட்டும். தணிக்கைக்கும் இதுவே போதும்.

ஆகவே ஐயா, தயவாய்க் கேட்கிறோம். பட்டியலை வாசிக்காதீர்கள். கைப்பிடி அரிசி, அப்பத்தோடும் ரசத்தோடும் பீடத்துக்கே வரட்டும். வருகிற ஞாயிறு அறிவிப்பில் இதைச் சொல்லுங்கள். "ரேஷன் அரிசியும் கொண்டுவாருங்கள்" என்ற வார்த்தையையும் அதே மைக்கில், பெண்கள் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். டிரம் இரண்டையும் சனிக்கிழமை கழுவிக் காயவைத்து, வேப்பிலை போட்டு, ஆலய வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளையிடம் நாங்கள் ஒப்படைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
வடசென்னைச் சபையார் சிலர்