கால்பந்து ரசிகர் மன்றம், கோவை: செயலாளரின் 2018–19 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, கணக்கு நோட்டை இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் என் கையில் கொடுத்த பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன். அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

போன வருட அறிக்கை ஒன்றரைப் பக்கம். ஐ-லீக் என்ற அகில இந்தியக் கால்பந்து லீக்கில் நம் ஊரில் ஆடும் சென்னை சிட்டி கிளப் பிடித்த எட்டாவது இடத்துக்கு அதுவே ஜாஸ்தி என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். இந்த முறை கொஞ்சம் நீளும். டீயும் வடையும் அறிக்கை முடிந்த பிறகுதான்.

ஆண்டில் நான்கு செயற்குழுக் கூட்டங்கள் கூட்டப்பட்டன, இரண்டில் கோரம் இல்லை, அதாவது தேவையான ஆள் சேரவில்லை. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. கஜா புயல் நிவாரணத்துக்கு அரிசியும் போர்வையும் டெல்டாவுக்குப் போன ஒரு லாரியில் ஏற்றிவிட்டோம். குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். சிறுவர்களுக்கான ஐவர் ஆட்டப் போட்டி, மைதானம் கிடைக்காததால் இந்த ஆண்டும் நடக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன். 20 ஆட்டம், 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளி. இரண்டாம் இடம் வந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக்கை வென்றது இதுதான் முதல் தடவை. அது நடந்தது நம் ஊரில், வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில், நாம் வாரா வாரம் பஜ்ஜி தின்ற அதே நேரு ஸ்டேடியத்தில்.

போன பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பை நேற்று எடுத்துப் படித்தேன். "நம் ஆட்டக்காரர் சூசைராஜும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்ட நிலையில் மன்றத்தைக் கலைத்துவிடலாம்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டு, வழிமொழிய ஆளில்லாமல் விழுந்திருக்கிறது. கொண்டுவந்தவர் யார் என்பது நோட்டில் இருக்கிறது. மார்ச் 9 அன்று எடுத்த குரூப் போட்டோவில் அவர் எங்கே நிற்கிறார் என்பது போட்டோவில் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது எனக்கும் நம்பிக்கை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்று ஒரு பயிற்சியாளர், ஸ்பெயினிலிருந்து வந்த நாலைந்து பேர், மிச்சமெல்லாம் நம் பையன்கள். அக்டோபர் 26 அன்று லீக்கின் தொடக்க ஆட்டமே இங்கேதான், இந்தியன் ஏரோஸோடு. 4-1. பெத்ரோ மான்சி ஹாட்ரிக். அன்று கேலரியில் நம் உறுப்பினர்கள் பதினொரு பேர். உள்ளே ஆடுகிறவர்களும் பதினொரு பேர்தான் என்று தலைவர் சொன்னார். சிரிக்கக்கூட ஆள் போதவில்லை.

மான்சி சீசன் முடிய 21 கோல் அடித்து, சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நெஸ்டர் கார்டிலோ பந்தைக் காலில் வாங்கினால் நமக்கு மூச்சு சீராக வரும். எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ, அஜித் குமார் இவர்களெல்லாம் எப்படி ஆடினார்கள் என்பது வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவிலும் இங்கேயும் இரண்டு முறையும் தோற்கடித்தோம். கடைசிக் கணக்கில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம் என்பதை நினைத்தால் அந்த இரண்டு ஆட்டமும்தான் கோப்பை. இங்கே நடந்தது பொங்கல் வாரத்தில். ஊருக்குப் போக வேண்டும் என்று வராமலிருந்தவர்கள், ஊரில் டிவி பார்த்துக்கொண்டு எனக்கு போன் போட்டு "சத்தமே கேக்கலீங்களே, நம்ம ஆளுங்க இல்லீங்களா?" என்று கேட்டார்கள்.

அந்த போனிலிருந்து பிறந்ததுதான் ஜமாப் மேளத் திட்டம். இதைப் பற்றி மன்றத்துக்குள் பலவிதமாகப் பேசப்படுவதால் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொங்கு நாட்டில் சாமி புறப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஜமாப் அடிக்காமல் எதுவும் நகராது. கேரளாக்காரர்கள் செண்டையைக் கொண்டுவந்து ஸ்டேடியத்தை ஆட்டுகிறார்கள், நாம் மட்டும் பிளாஸ்டிக் பீப்பி ஊதிக்கொண்டிருக்கிறோம். எனவே பொங்கல் முடிந்த கையோடு ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ஜமாப் குழுவைப் பேசி முடித்தேன். பத்து ஆள், எட்டு டிரம், ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று. செயற்குழுவின் முன்அனுமதி இல்லை என்று பொருளாளர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார். அந்தச் செயற்குழுவுக்குத்தான் கோரம் இல்லை என்பதை அவருக்கு நினைவூட்டுகிறேன்.

முதல் முறை வந்தபோது கேட்டில் டிரம்மை உள்ளே விட்டார்கள், குச்சியைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். கம்பு, தடி எதற்கும் அனுமதி இல்லையாம். குச்சி இல்லாமல் டிரம் எதற்கு என்று கேட்டேன். அது எங்கள் வேலையில்லை என்றார் வாசலில் நின்றவர். குழுக்காரர்கள் அன்று உள்ளங்கையாலேயே அடித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அதில் ஒரு பையன் கையை விரித்துக் காட்டினான். சிவந்து, சுண்டு விரலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. நான் தேங்காய் எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பதினைந்து ரூபாயைக் கணக்கில் ஏற்றவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, நாலு இடம் அலைந்து, குச்சிக்கு அனுமதி வாங்கினேன். அந்தக் கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மார்ச் 1 அன்று சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்றோம். ஜெயித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். குழுவை அன்றைக்குக் கூப்பிடாதது சிக்கனம் கருதித்தான். கூப்பிட்டிருந்தால் தோற்றிருக்க மாட்டோம் என்று நான் எங்கும் சொன்னதில்லை, என் பெயரில் அப்படி ஒரு பேச்சு உலவுகிறது.

மார்ச் 9, சனிக்கிழமை. மினெர்வா பஞ்சாப் கிளப்பை நாம் ஜெயித்தால் கோப்பை நமக்கு. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தோடு ஆடுகிறது. மாசி மாதம், முகூர்த்த நாள்கள். ஜமாப் குழு அன்று காலை ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு வந்துவிடுகிறோம் என்றவர்கள் நாலரைக்கும் வரவில்லை. நான் கேட்டுக்கு வெளியே, வண்டிகளுக்கு நடுவே நின்று போன் போட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளே ஆட்டம் தொடங்கிய விசில் கேட்டது. மூன்றாவது நிமிடம் மொத்த ஸ்டேடியமும் ஸ்விட்சை அணைத்ததுபோல் அடங்கியது. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. மினெர்வாவின் ரோலாண்ட் பிலாலா, 0-1.

இடைவேளையில்தான் மினி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், நெற்றியில் சந்தனத்தோடு, கல்யாணச் சாப்பாட்டு வாசனையோடு. குழுத் தலைவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏனுங்க செயலாளருங்களே, பந்தி லேட்டாயிப் போச்சுங்க." திட்டுவதற்கு நேரம் இல்லை. ஆளுக்கொரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம்.

இரண்டாம் பாதியில் அடி தொடங்கியது. 56ஆவது நிமிடத்தில் பெனால்டி, மான்சி அடித்தார், 1-1. 69ஆவது நிமிடத்தில் கௌரவ் போரா, 2-1. போரா தடுப்பாட்டக்காரர், கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை. ஜமாப் வருவதற்கு முன் பூஜ்ஜியம், வந்த பின் மூன்று. இதைக் காரணம் என்று நான் சொல்லவில்லை, வரிசையை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். குழு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று கை காட்ட ஒரு ஆள் வேண்டும். யாரும் முன்வரவில்லை. எனவே நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர்களைப் பார்த்து நின்றேன். அன்று விழுந்த நாலு கோலில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. முதல் கோலின்போது ரோட்டில் நின்றேன், மற்ற மூன்றையும் எதிரில் இருந்த முகங்களில் பார்த்தேன். சிவந்த கைப் பையன் குச்சியை மேலே வீசிவிட்டுப் பிடிக்க மறந்தான். அதுதான் எனக்கு போராவின் முதல் கோல்.

85ஆவது நிமிடத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று முந்தியது. போனில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மினெர்வா ஒன்று அடித்து ஆட்டம் டிரா ஆகிவிட்டால் நமக்கு 41 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்த எட்டு நிமிடம் குழுவை நிறுத்தாமல் அடிக்கச் சொன்னேன். குழுத் தலைவர், கல்யாணத்தில் நாலு மணி நேரம் அடித்துவிட்டு வந்த மனுஷன், "தோள்பட்டை போச்சுங்க" என்றார். கூடுதல் நேரத்தில் போரா மறுபடியும். 3-1. அதற்குப் பிறகு யார் அடித்தார்கள், யார் ஆடினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

கோப்பை கையில் வந்த பிறகு மன்றத்தின் பேனருக்குக் கீழே போட்டோ எடுத்தார்கள். எண்ணிப் பார்த்தேன், எழுபத்து மூன்று பேர். அந்த எழுபத்து மூன்று பேரில் இந்த ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் இருபத்தாறு. பதிவேட்டில் மொத்தம் தொண்ணூற்று இரண்டு உறுப்பினர்கள், கட்டியவர்கள் முப்பத்தேழு. ஆண்டுக்கு ஐநூறு ரூபாய். மாதத்துக்கு நாற்பத்திரண்டு ரூபாய்கூட இல்லை, நாலு டீக் காசு. "கிளப் சென்னைப் பேருல இருக்குது, நாம எதுக்குங்க குடுக்கணும்" என்றார் ஒருவர். அதே ஆள் போட்டோவில் முன்வரிசையில் "கோவை" என்று எழுதின அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அபிஷேக் பச்சன் டீமுங்களா?" என்று கேட்டவரும் நம் உறுப்பினர்தான். அது சென்னையின் எஃப்.சி. என்ற வேறு கிளப், ஆடுவது இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) என்ற வேறு லீக், இந்த ஆண்டு அங்கே கடைசி இடம். நாலு வருடமாக உறுப்பினராக இருப்பவருக்கு இதை விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

பெயர்ப் பட்டியலை வாசிக்கலாமா என்று செயற்குழுவில் கேட்டேன். வேண்டாம், மனஸ்தாபம் வரும் என்றார்கள். எனவே வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

வரவு செலவு: ஆண்டுத் தொடக்கத்தில் கையிருப்பு ஓரளவு இருந்தது. சந்தா, நன்கொடை, டி-ஷர்ட் விற்பனை வகையில் வரவு. ஜமாப், வேன், பேனர், ஆயுத பூஜை, இதர வகையில் செலவு. வித்தியாசம் மன்றத்தின் மீது இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் கேட்டால் சொல்வார். இதர என்பது என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இதர என்றால் இதரதான்.

சூப்பர் கோப்பையில் பெங்களூரை 2-1 என்று வென்று அரையிறுதி வரை போனோம். அங்கே கோவாவிடம் 0-3. புவனேஸ்வரத்துக்கு மன்றத்தின் சார்பில் யாரும் போகவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், துணைத் தலைவர், பேனர் அச்சடித்துக் கடனுக்குக் கொடுத்த அச்சகத்தார், இந்த மாடியை வாடகையில்லாமல் தந்த மண்டபத்தார், வடை போட்ட அக்கா, எல்லா ஆட்டத்துக்கும் வந்த அந்தப் பதினொரு பேர். குச்சியைத் திருப்பிக் கொடுத்த கேட் காவலருக்கும்.

வரும் ஆண்டு பெரிய ஆண்டு. சாம்பியன் என்ற வகையில் ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் நம் கிளப்பில் 26 சதவீதம் வாங்கியிருக்கிறது. ஆசிய ஆட்டம் கோவையில் நடக்குமா என்று என்னைத்தான் கேட்கிறார்கள், ஏதோ என் கையில் இருப்பதுபோல். ஐ-லீக்கே நாளைக்கு எந்த இடத்தில் இருக்கும் என்று டெல்லியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த 2019இல் ஐ-லீக்கை ஜெயித்தாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிப் போகும் வழி கிடையாது. இதெல்லாம் நம் பொதுக்குழுவில் தீரும் விஷயம் இல்லை.

செயலாளர் பொறுப்பு எனக்கு இது ஆறாவது ஆண்டு. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். இளைஞர்கள் யாராவது முன்வந்தால் மினிட்ஸ் நோட்டு, முத்திரை, பேனர், கேட் அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒப்படைக்கத் தயார். போன ஆண்டும் இதையேதான் சொன்னேன், யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த ஆண்டும் அப்படியே ஆனால், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். ஜமாப் தொடர வேண்டுமா என்பதையும் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். கை தூக்குகிறவர்கள் சந்தா கட்டியவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி எண் ஏழு.

கடைசியாக ஒன்று. மார்ச் 9 ஆட்டத்துக்கான கூலியில் பாதிதான் ஜமாப் குழுவுக்குக் கொடுத்திருக்கிறோம். குழுத் தலைவர் வாரம் தவறாமல் போன் செய்கிறார், கோபமாகப் பேசுவதில்லை, "நம்ம டீம் எப்பிடிங்க இருக்குது?" என்று விசாரித்துவிட்டுத்தான் காசைக் கேட்பார். இன்று கூட்டம் என்று சொன்னேன். பதினொரு மணிக்கு வருகிறேன் என்றார். இப்போது மணி பதினொன்று ஐந்து, கீழே மினி ஆட்டோ சத்தம் கேட்டது. ரசீதுப் புத்தகம் இந்த மேசையிலேயே இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. வடை அதற்குப் பக்கத்து மேசையில்.

இப்படிக்கு,
செயலாளர்